சத்தம் வைக்காத டிவி

ஜனவரி 9

அக்கா,

கடிதத்தைப் பார்த்ததும் யாருக்கோ என்னவோ ஆகிவிட்டது என்று பதறாதே. எல்லாரும் உயிரோடுதான் இருக்கிறோம். எல்லாரும் என்றால் அப்பாவும் நானும்தான். போன் செய்தால், அப்பா பேச்சு வந்ததுமே "அடுப்புல பால் வெச்சிருக்கேன்" என்று வைத்துவிடுகிறாய். அம்மா போனதிலிருந்து உன் வீட்டுப் பால் பொங்கிக்கொண்டேதான் இருக்கிறது. கடிதம் என்றால் பாதியில் மடித்து வைத்தாலும் மீதி அங்கேயே இருக்கும் அல்லவா, அதனால்தான் எழுதுகிறேன்.

விஷயம் இதுதான். கம்பெனியில் என்னை வெளியூருக்கு அனுப்புகிறார்கள். நாற்பது மாடிக் கட்டடம். லிஃப்ட் அத்தனையும் மாட்டி ஓட்டிக் காட்ட ஒரு வருஷமாவது ஆகும். மார்ச் கடைசியில் கிளம்ப வேண்டும். ஒரே அறையில் அடுக்குக் கட்டில் போட்டு ஆறு பேரைத் தூங்க வைக்கிறார்கள். அங்கே அப்பாவை எப்படிக் கூட்டிப்போவேன்? போகமாட்டேன் என்று சொன்னால் வேலையை விட்டுவிட வேண்டியதுதான். அந்த ஒரு வருஷம் அப்பா உன்னோடு இருக்கட்டும். சுற்றி வளைத்துக் கேட்க எனக்கு வராது. கேட்டுவிட்டேன்.

அவரைத் தனியாக விட முடியாது. போன மாதம் கடைக்குப் போனவர் நடுத்தெருவில் நடந்திருக்கிறார். பின்னால் வந்த லாரிக்காரன் ஹாரன் அடித்து அடித்து ஓய்ந்துபோய், இறங்கி வந்து தோளைத் தட்டியிருக்கிறான். இவர் நிதானமாகத் திரும்பி, "என்னைப் பாத்துப் பேசுப்பா" என்றாராம். அந்த வசனம் ஞாபகம் இருக்கிறதா? நாம் எதைக் கேட்டாலும் தாடையைப் பிடித்துத் திருப்பி, "முகத்தைப் பாத்துப் பேசு. அதுதான் மரியாதை" என்பாரே. லாரிக்காரனுக்கும் அதே பாடம்.

இன்னொன்று சொன்னால் சிரிப்பாய். வேலை முடிந்து வந்தால் அப்பா டிவி முன்னால்தான் உட்கார்ந்திருக்கிறார். டான்ஸ் போட்டி. எந்தச் சானலில் யார் குதித்தாலும் விடுவதில்லை. ஆனால் சத்தம் மட்டும் துளிகூட வைப்பதில்லை. "நான் முழிச்சுட்டுத்தானேப்பா இருக்கேன், சத்தம் வெச்சுக்கங்க" என்றால், "வேணாம்டா, இதுவே நல்லாருக்கு" என்கிறார்.

எனக்கு நம் பழைய வீடு ஞாபகம் வந்துவிட்டது. ஆலைக் குடியிருப்பில் நைட் ஷிஃப்ட்காரர்களின் வீட்டு வரிசை. மத்தியானம் முழுக்கத் தெருவே செத்துக் கிடக்கும். நாலு மணிக்கு நம் டான்ஸ் ஷோ. ஒரே அறை, அந்த மூலையில் அப்பா தூக்கம், இந்த மூலையில் சத்தம் அணைத்த டிவி. அந்தச் சத்தக் குமிழ் தானாக வேறு திரும்பிக்கொள்ளும், அதில் தீக்குச்சி செருகிவிட்டுக் காவலுக்கு நான் உட்கார்ந்திருப்பேன். நீ வெறுங்காலோடு ஆடுவாய். பாட்டே இல்லாமல் ஆடுகிறாளே என்று நான் தலையணையில் தாளம் தட்டுவேன். அப்போது வைத்த பேர்தானே மத்தளம்? உலகத்தில் இப்போது அந்தப் பேரில் என்னைக் கூப்பிட ஒரே ஒருத்திதான் இருக்கிறாள். அவளும் போனை எடுப்பதில்லை.

பதில் போடு.

மத்தளம்

*

ஜனவரி 21

மத்தளம்,

வாழைப்பழத்தில் ஊசி ஏற்ற எங்கே கற்றாய்? லிஃப்ட் கம்பெனியில் இதையும் சொல்லிக்கொடுக்கிறார்களா? நாலு மணி ஷோ, தீக்குச்சி, தலையணை என்று ஒன்றொன்றாக எடுத்து முன்னால் வைத்துவிட்டாய். படித்துவிட்டு வேலைக்குப் போய், ஹோட்டல் படுக்கை விரிப்புகளை இஸ்திரி மெஷினுக்குள் தலைகீழாகக் கொடுத்து, லாண்டரி மேனேஜரிடம் வாங்கிக் கட்டிக்கொண்டேன்.

நீ நேராகக் கேட்டாய். நானும் நேராகச் சொல்கிறேன். முடியாது.

என் வீட்டுக்காரரைக் குறை சொல்லாதே. "வரட்டுமே, முன்னறையில கட்டில் போட்டுடலாம்" என்றுதான் அவர் சொன்னார். மாட்டேன் என்பது நான்தான்.

உனக்கு அந்த ஷோ என்றால் தலையணையும் சிரிப்பும். எனக்கு அதன் கடைசிப் பக்கம்தான் முதலில் வருகிறது. அந்த ஷோவில் ஆட ஆள் எடுக்கும் தேர்வுக்குப் போனேனே, அந்த நாள். நீ சின்னப் பையன், அரைகுறையாகத்தான் தெரிந்திருக்கும். பள்ளிக்கூட மண்டபம், சட்டையில் குத்திய நம்பர். எல்லாரும் முதலில் ஷோவின் தொடக்க ஆட்டத்தை ஆடிக் காட்ட வேண்டும். எனக்கு அது தலைகீழாகத் தெரியும், வாரம் தவறாமல் பார்த்ததுதானே? டிவியில் அந்தப் பெண்கள் தண்ணீருக்கடியில் ஆடுவதுபோல மெதுவாகக் கை விரிப்பார்கள். கூந்தல்கூட மெதுவாகத்தான் பறக்கும். அதுதான் அந்த ஆட்டத்தின் அழகு என்று நாம் ரெண்டு பேரும் எத்தனை நாள் வியந்திருக்கிறோம்! நீயும் அதற்குத் தகுந்தாற்போல டொம்... டொம்... என்று தட்டுவாய்.

மண்டபத்தில் பாட்டைப் போட்டார்கள். பேய் பிடித்த மாதிரி ஓடியது அந்தப் பாட்டு. பக்கத்தில் நின்ற பெண்கள் எல்லாம் சுழன்று சுழன்று ஆடுகிறார்கள். நான் ஒருத்தி மட்டும் தண்ணீருக்கடியில் கை விரித்துக்கொண்டு நிற்கிறேன். டிவிக்காரன் படத்தை வேண்டுமென்றே மெதுவாக ஓட்டிக் காட்டியிருக்கிறான். அது ஊரில் அத்தனை பேருக்கும் தெரியும், பாட்டைக் கேட்டவர்கள் ஆயிற்றே. நமக்குத்தான் தெரியாது.

நடுவர் அம்மா ஆட்டத்தை நிறுத்தி, "இந்த ஷோவைப் பாத்திருக்கியா நீ?" என்று கேட்டார்.

"ஒரு வாரம்கூட விடாம பாத்திருக்கேன்."

"பாட்டைக் கேட்டதே இல்லையா?"

"இல்ல."

மண்டபமே சிரித்தது. உண்மையைத்தானே சொன்னேன்?

வீட்டுக்கு வந்தேன். அம்மா குழாயடியில் இருந்தாள். அப்பா சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்திருந்தார். அவர் முதுகுக்குப் பின்னால் தரையில் உட்கார்ந்து எல்லாவற்றையும் சொன்னேன். அழுதேன் என்றால் சும்மா அழுகை இல்லை, விக்கி விக்கி அழுதேன். தூக்கம் கலைந்திருக்காதா என்ன? அவர் திரும்பவே இல்லை. ஒரு கையை எடுத்து என் தலையில் வைத்திருந்தால் போதும், அந்த மண்டபத்தை அன்றைக்கே மறந்திருப்பேன். யாருடைய தூக்கத்துக்காக அத்தனை வருஷம் சத்தத்தை அணைத்து வைத்தேனோ, அந்த மனிதருக்கு நான் அழுவதைக் கேட்க முதுகுதான் இருந்தது.

அதற்கு ரெண்டு நாள் கழித்து அவரிடம் நான் ஒரு வார்த்தை சொன்னேன். அதை உன்னிடம்கூடச் சொல்லமாட்டேன். சொன்னதிலிருந்து அவர் முகத்தில் விழிக்க எனக்குக் கூசுகிறது. கோபம் ஒரு பக்கம், இது ஒரு பக்கம். அம்மா காரியத்துக்கு வந்தபோதுகூட அவர் இருந்த அறைக்குள் நான் போகவில்லை, நீ கவனித்திருப்பாய்.

ஆகையால் என்னை விட்டுவிடு. வேறு ஏற்பாடு செய். அவர் செலவுக்கு என்னால் ஆனதை அனுப்புகிறேன்.

அக்கா

*

பிப்ரவரி 8

அக்கா,

உன் கடிதத்துக்குச் சுடச்சுட ஒரு பதில் எழுதிக் கிழித்துப் போட்டேன். அந்தப் பக்கம் நீ, இந்தப் பக்கம் அவர். மத்தளத்துக்கு ரெண்டு பக்கமும் இடி என்பார்கள், பேர் வைக்கும்போதே நீ யோசித்திருக்க வேண்டும்.

வேறு ஏற்பாடு செய்யச் சொன்னாய். செய்தேன். முதியோர் இல்லம் ஒன்றைப் போய்ப் பார்த்தேன். சுத்தமாக இருக்கிறது. கூடத்தில் நாற்காலிகளை வரிசையாகப் போட்டு டிவியை அலற விட்டிருக்கிறார்கள். யாரும் யார் முகத்தையும் பார்த்து உட்காரவில்லை. சேர்ப்பதற்கு முன் உடம்பை முழுக்கச் சோதித்துக்கொண்டு வரச் சொன்னார்கள். ரத்தம், நெஞ்சு, கண் எல்லாம் முடித்துக் கடைசியாகக் காது டாக்டர்.

அங்கேதான் அக்கா, விஷயம் வெளியே வந்தது.

"காது மந்தமாகி எவ்வளவு நாளாச்சு?" என்று டாக்டர் என்னைக் கேட்டார். வயசாகிறதே, ஒரு ரெண்டு மூணு வருஷமாக இருக்கும் என்றேன். அவர் தலையாட்டினார். "இது வயசுல வந்தது இல்ல. மெஷின் சத்தத்துல போனது. சின்ன வயசுலயே போயிருக்கு. இவருக்கு ரெண்டு காதும் கேட்டே முப்பது வருஷம் இருக்கும்" என்றார். கருவி வைத்தாலும் பெரிதாகப் பயன் இருக்காதாம்.

நான் சிரித்தேன் என்றால் நம்புவாயா? "என்கூட நல்லாத்தானே பேசிட்டிருக்காரு டாக்டர்" என்றேன். டாக்டர் தன் கையால் வாயை மறைத்துக்கொண்டு, அப்பாவைப் பார்த்துச் சத்தமாக ஏதோ கேட்டார். அப்பா அவர் கையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

அவர் உதட்டைப் படிக்கிறார், அக்கா. இத்தனை காலமும் உதட்டைத்தான் படித்திருக்கிறார். முகத்தைப் பார்த்துப் பேசு என்றது மரியாதைக்காக இல்லை.

வீட்டுக்கு வந்து எதிரில் உட்கார்ந்து, "எப்பருந்துப்பா?" என்று கேட்டேன். சட்டைப் பொத்தானைத் திருகிக்கொண்டே சொன்னார்.

"நீ பள்ளிக்கூடம் சேர்றதுக்கு முன்னாடியே வலது காது போயிருச்சு. தகரம் அடிக்கிற மெஷின்டா அது. பக்கத்துலயே நின்னா மண்டைக்குள்ள ஆணி அடிச்ச மாதிரி இருக்கும். அப்புறம் இடதும் போச்சு. காது போனவனை ஆலையில வெச்சுக்க மாட்டான். அபாயமாம், மணி அடிச்சாக் கேக்காதாம். என் கண்ணு முன்னாடியே ரெண்டு பேரைக் கணக்கு முடிச்சு அனுப்புனான்."

"வருஷா வருஷம் டெஸ்ட் வெப்பாங்களேப்பா?"

"வெப்பான். காதுல மாட்டிவிட்டுட்டுக் கண்ணாடிக்கு அந்தப் பக்கம் ஒருத்தன் உக்காந்து பட்டன் அமுக்குவான். அமுக்குறப்ப அவன் தோள் லேசா எறங்கும். நான் தோளைப் பாத்துட்டுக் கையத் தூக்கிருவேன்." சொல்லும்போது அவர் முகத்தில் கொஞ்சம் பெருமைகூடத் தெரிந்தது.

நைட் ஷிஃப்டை அவரே கேட்டு வாங்கியிருக்கிறார். ராத்திரியில் யாரும் அதிகம் பேச மாட்டார்களாம். அம்மாவுக்கு எல்லாம் தெரியும். அவரை எழுப்ப அம்மா எப்போதும் காலைத் தொட்டுத்தான் எழுப்புவாள், ஞாபகம் வருகிறதா? வாசலில் நின்று ஒருநாளும் கூப்பிட்டதில்லை.

அடுத்த வீட்டில் யார் இருந்தது? ஆலை மேஸ்திரி. நடுவில் ஒற்றைச் சுவர். டிவி அலறும் வீட்டில் ஒரு மனிதன் கட்டை மாதிரித் தூங்கினால் மேஸ்திரிக்குச் சந்தேகம் வந்துவிடும் என்று அம்மாவுக்குப் பயம். அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய். அதனால்தான் அக்கா, "சத்தம் வெக்காதீங்க, அப்பா தூங்குறாரு" என்பாள். ஆலையிலேயே காது கேளாத மனிதர் அவர்தான். அவர் பக்கத்தில் உட்கார்ந்துதான் நான் தீக்குச்சியைக் காவல் காத்திருக்கிறேன்.

நீ அழுத அன்றைக்கு அவருக்கு ஒன்றுமே கேட்கவில்லை. இதை உனக்குச் சொல்லாமல் எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை.

மத்தளம்

*

பிப்ரவரி 16

மத்தளம்,

உன் கடிதத்தை மெஷின் பக்கத்தில் நின்றுதான் படித்தேன். கூட வேலை செய்கிறவள் எதிரில் வந்து என்னவோ கேட்டாள், நானும் பதில் சொன்னேன். சொன்ன பிறகுதான் உறைத்தது. அந்த இரைச்சலில் அவள் பேசியது ஒரு எழுத்துகூட எனக்குக் கேட்கவில்லை. பன்னிரண்டு வருஷமாக நாங்கள் இங்கே வாயைப் பார்த்துத்தான் பேசிக்கொள்கிறோம். நானே தினமும் செய்கிற வேலை, அப்பா செய்ததை மட்டும் எனக்குக் கண்டுபிடிக்கத் தெரியவில்லை. கண்ணிருந்தும் குருடி.

அம்மாமேல் எனக்குக் கோபம் கோபமாக வருகிறது. அவள் இல்லை என்பதால் அதையும் முழுசாகப் பட முடியவில்லை. என்னிடம் மட்டும் காதோடு சொல்லியிருக்கக் கூடாதா? பிறகு யோசித்தேன். பதினாறு வயசில் என் வாயில் என்ன தங்கியிருக்கும்? பக்கத்து வீட்டு மேஸ்திரி மகள் என் உயிர்த் தோழி. அன்று சாயங்காலமே அவளிடம் சொல்லியிருப்பேன். மறுநாள் அப்பா வாசலில் உட்கார்ந்திருப்பார். சோற்றுக்காகச் செய்ததைக் குற்றம் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. அந்தச் சோற்றைத் தின்றுதானே ஆடினேன்?

நான் அவர்மேல் வைத்திருந்த கோபம் என் கையில் அப்படியே நிற்கிறது, கீழே வைக்க இடம் தெரியவில்லை. கேட்காத மனிதரிடம் எதற்குக் கேட்கவில்லை என்று இத்தனை வருஷம் சண்டை போட்டிருக்கிறேன். அவருக்கு என் கல்யாணத்தில் நான் குனிந்த தலையோடு முணுமுணுத்தது எதுவும் புரிந்திருக்காது. போனில் பேசக் கூப்பிட்டால் அவர் வரமாட்டார் என்று ஊரெல்லாம் குறை சொன்னேன். சே!

ஆனால் ஒரு விஷயத்தில் மட்டும் எனக்கு மூச்சு வந்தது. அதை இப்போது உன்னிடம் சொல்லலாம். தேர்வு முடிந்த மூணாவது நாள் காலை. அவர் ஜன்னல் கம்பியில் கண்ணாடியை மாட்டிச் சவரம் செய்துகொண்டிருந்தார். நான் பின்னால் நின்று, "நீங்க செத்தாக்கூட நான் அழ மாட்டேன்" என்றேன்.

சொன்னேன், மத்தளம். பெற்ற அப்பனைப் பார்த்து அந்த வார்த்தையைச் சொன்னேன். அவர் திரும்பவில்லை. கன்னத்தில் லேசாக வெட்டுப்பட்டது, துண்டால் அழுத்திக்கொண்டு பாக்கிச் சவரத்தை முடித்தார். கேட்டும் கேட்காததுபோல விழுங்கிவிட்டார் என்று நினைத்து எத்தனை ராத்திரி புரண்டிருக்கிறேன் தெரியுமா? இப்போது நீ எழுதியதைப் பார்த்தால், முதுகுக்குப் பின்னால் சொன்னது அவருக்கு எப்படிக் கேட்டிருக்கும்? கேட்டிருக்காது! அழுததும் கேட்கவில்லை, அதுவும் கேட்கவில்லை. ஒன்றுக்கு ஒன்று சரியாகப் போயிற்று. கடவுள் இருக்கிறார்.

அவரிடம் இதைப் பற்றி மூச்சுவிடாதே. இல்லத்துக்குக் கொஞ்சம் தவணை சொல்லு. நான் யோசிக்கிறேன். மனசு இறங்கி வருகிறது, அவசரப்படுத்தாதே.

அக்கா

*

பிப்ரவரி 25

அக்கா,

ஒரு வாரமாகப் பேனாவை எடுப்பதும் வைப்பதுமாக இருக்கிறேன். இதை எழுதாமல் விட்டால் நீ மனசு இறங்கி வந்து அப்பாவைக் கூட்டிப்போவாய், எல்லாம் சுமுகமாக முடியும். எனக்கும் அதுதான் வேண்டும். ஆனால் அவர் உன் வீட்டில் இருக்கும்போது ஒருநாள் அவர் வாயிலிருந்தே இது வந்தால், தெரிந்தும் மறைத்தேன் என்று நீ என்னை மன்னிக்க மாட்டாய். நானும் என்னை மன்னிக்க மாட்டேன்.

சத்தியமாக நான் அவரிடம் எதுவும் கேட்கவில்லை. ஞாயிற்றுக்கிழமை, கை நடுங்குகிறது என்று அவருக்கு நான்தான் சவரம் செய்துவிட்டேன். கன்னத்தில் தாடிக்குள் ஒரு சின்னத் தழும்பு. அதில் பிளேடு தட்டுப்பட்டது. "இதென்னப்பா?" என்று முன்னால் வந்து கேட்டேன்.

"உங்கக்கா வெச்ச தழும்பு" என்று சொல்லிச் சிரித்தார்.

அக்கா, அவர் கண்ணாடி பார்த்துச் சவரம் செய்துகொண்டிருந்தார். நீ பின்னால் நின்றாய். கண்ணாடிக்குள் உன் முகம் அவருக்கு நேராகத் தெரிந்திருக்கிறது. உதடும் தெரிந்திருக்கிறது.

நான் பிளேடைக் கீழே வைத்துவிட்டேன். அவரே பேசினார். அவர் சொன்னதை அப்படியே எழுதுகிறேன், என் வார்த்தை ஒன்றும் இல்லை.

"அவ சொன்னதுல தப்பு ஒண்ணும் இல்லடா. அன்னைக்கு அவ அழுதது எனக்குத் தெரியல. ராத்திரி ஷிஃப்டுக்குக் கிளம்புறப்ப உங்கம்மாதான் சொன்னா, போட்டியில பிள்ளையைச் சிரிச்சு அனுப்பிட்டாங்க, பாட்டைக் கேட்டதே இல்லையான்னு கேட்டாங்களாம்னு. எனக்கு மெஷின்ல கையக் குடுத்துறலாம் போல இருந்துச்சு. அவ பாட்டைக் கேக்காததுக்குக் காரணம் நான். கூப்பிட்டு உக்கார வெச்சு, அம்மா, எனக்குக் காது கேக்காது, நீ சத்தமா வெச்சு ஆடுன்னு ஒரு வார்த்தை சொல்ல எனக்குத் தைரியம் இல்ல. வேலை போயிருமேன்னு பயம். ரெண்டு நாள் அவ முகத்தைப் பாக்காம ஒளிஞ்சுட்டுத் திரிஞ்சேன். மூணாவது நாள் கண்ணாடியில பாத்தேன். சொன்னா. சொல்லட்டுமே. சொல்லி ஆறுனா சரின்னு இருந்துட்டேன்."

பிறகு என்ன நினைத்தாரோ, டிவியைக் காட்டினார். "மத்தியானத்துல நான் எங்க தூங்குனேன்? காதுக்குள்ள மெஷின் ஓடிட்டே இருக்கும். போர்வைக்குள்ளருந்து அவ ஆடுறதைத்தான் பாப்பேன். எனக்குச் சத்தம் வேணாம், அவளுக்கும் சத்தம் இல்ல. ரெண்டு பேருக்கும் ஒரே ஆட்டம். இப்ப இதுங்க ஆடுறதைப் பாக்குறேன். ஒண்ணுகூட அவ மாதிரி மெதுவா ஆட மாட்டேங்குது."

இதுதான் அக்கா. சானல் சானலாக அவர் தேடிக்கொண்டிருந்தது உன்னைத்தான். நான் ரிமோட்டை வாங்கி எத்தனை தடவை செய்தி வைத்திருக்கிறேன்!

என்மேல் கோபப்படு, பரவாயில்லை. பதில் மட்டும் போடு.

மத்தளம்

*

மார்ச் 10

அக்கா,

நீ எழுதவில்லை. நானும் வற்புறுத்தவில்லை. உன்னிடம் சொல்லியிருக்கக் கூடாது என்று இப்போது தோன்றுகிறது. உன் நிம்மதியைக் கெடுத்துத்தான் நான் நல்லவனாக வேண்டுமா?

இல்லத்தில் இருபதாம் தேதி வரைதான் இடம் பிடித்து வைப்பார்களாம். அப்பா தன் பையைத் தானே கட்டிவிட்டார். நாலு சட்டை, சவரக் கண்ணாடி, அம்மா படம். "அங்க டிவி இருக்காடா?" என்று மட்டும் கேட்டார். இருக்கிறது, எல்லாருக்கும் பொதுவாக என்றேன். "அப்ப அவங்க வெக்கிறதுதான்" என்று சொல்லிவிட்டுத் தன் ரிமோட்டைத் துடைத்து என்னிடம் கொடுத்தார். எனக்குப் பக்கத்து அறைக்குப் போய்விடத் தோன்றியது. போய்விட்டேன்.

"அவளைத் தொந்தரவு பண்ணாத. அவ கஷ்டம் அவளுக்கு" என்கிறார். நானும் தொந்தரவு செய்யவில்லை. தகவலுக்காக எழுதினேன்.

மத்தளம்

*

மார்ச் 14

மத்தளம்,

பையை அவிழ்க்கச் சொல்லு. இல்லத்துக்காரர்களுக்கு இன்றைக்கே ஆள் விட்டுச் சொல்லிவிடு, என் அப்பாவுக்கு அங்கே இடம் வேண்டாம்.

பதினெட்டாம் தேதி காலை ரயிலில் வருகிறேன். லீவு கொடுக்க மாட்டேன் என்றான் மேனேஜர். "கொடுக்காட்டியும் போவேன், நீங்க பாத்துக்கங்க" என்றேன். மெஷின் இரைச்சலில் அவனுக்கு முழுசாகக் கேட்டிருக்காது, ஆனால் என் முகத்தைப் பார்த்தே புரிந்துகொண்டான்.

இத்தனை நாள் எழுதாததற்குக் காரணம் உன்மேல் கோபம் இல்லை. நீ சொன்னது நல்லதுதான். பதில் எழுத உட்காரும்போதெல்லாம் அந்த ஜன்னல் கண்ணாடிதான் முன்னால் வந்தது. யோசித்துப் பார். நான் உருகி உருகி அழுது சொன்னதில் ஒரு வார்த்தைகூட அந்த மனிதருக்குப் போய்ச் சேரவில்லை. போய்ச் சேரக் கூடாத ஒரே ஒரு வரி மட்டும் நேராகப் போய்ச் சேர்ந்துவிட்டது. என் வாயிலிருந்து அவருக்குக் கிடைத்தது அது ஒன்றுதான். அதை வைத்துக்கொண்டு கன்னத்தைத் துடைத்துவிட்டு அன்று ராத்திரி மறுபடி அந்த மெஷினுக்கே போயிருக்கிறார். எனக்குப் புத்தகக் காசு வந்தது, கல்யாணம் நடந்தது. இந்தக் குற்றம் போகாது, மத்தளம். போக வேண்டும் என்று நான் கேட்கவும் இல்லை. ஆனால் அதோடு அவர் எதிரில் உட்கார முடியும் என்று நினைக்கிறேன். அவரும் ஒன்றை வைத்துக்கொண்டுதானே எதிரில் உட்காரப்போகிறார்?

லாண்டரிக் கழிப்பறையில் ஒரு கண்ணாடி இருக்கிறது. நாலு நாளாக அதன் முன்னால் நின்று பேசிப் பழகுகிறேன். சத்தமில்லாமல், உதடு தெளிவாகத் தெரியும்படி. கூட வேலை செய்கிறவள் பார்த்துவிட்டு, "பைத்தியம் கிய்த்தியம் பிடிச்சிருச்சா?" என்றாள். என்ன பேசிப் பழகுகிறேன் என்று உனக்கு எழுத மாட்டேன். அது அவருக்குச் சொல்ல வேண்டியது. முகத்தைப் பார்த்துச் சொல்ல வேண்டியது.

இன்னொன்றும் நடந்தது. நேற்று மத்தியானம் வீட்டில் யாரும் இல்லை என்று டிவியில் ஏதோ டான்ஸ் வைத்து, சத்தத்தை அணைத்துவிட்டு நின்றேன். என் உடம்புக்கு இப்போது ஆடத் தெரியாது, முட்டி வலிக்கிறது. ஆனால் கை தானாக விரிந்தது. அதே மெதுவான ஆட்டம்தான், டிவியில் ஆடுகிறவர்களுக்கும் எனக்கும் சம்பந்தமே இல்லை. எப்போது வந்தாரோ, என் வீட்டுக்காரர் கதவருகில் நின்றுகொண்டு, "பாட்டு இல்லாம என்னடி ஆட்டம் இது?" என்றார். சொன்னால் புரியுமா? அத்தனை வருஷம் சுவரைப் பார்த்து ஆடுகிறோம் என்று நினைத்திருந்தேன். ஒரு மண்டபமே சிரித்த ஆட்டத்துக்குப் போர்வைக்குள் ஒரு ரசிகர் இருந்திருக்கிறார்.

சரி, வேலையைக் கேள். நான் வரும் அன்று காலை அப்பாவின் நாற்காலியைக் கதவைப் பார்த்துத் திருப்பிப் போடு. ஜன்னல் வெளிச்சம் என் முகத்தில் விழ வேண்டும், முதுகில் விழக்கூடாது. நான் வருவதை அவரிடம் சொல்லாதே, பார்த்து அவரே தெரிந்துகொள்ளட்டும். முதலில் நான் சொல்ல வேண்டியதைச் சொல்லிவிடுகிறேன். அப்போது நீ அறையில் இருக்காதே.

பிறகு நான் கூப்பிட்டதும் உள்ளே வா. டிவியைப் போடு. சத்தம் வேண்டாம். மூட்டு பிடித்துக்கொண்டால் தூக்கிவிட நீ பக்கத்திலேயே இரு. கையில் ஒரு தலையணை எடுத்துக்கொள். மெதுவாகத் தட்டு, நம் பழைய வேகத்திலேயே.

அக்கா